பம்ப் மூலம் தாய்ப்பால் எடுத்தல்: வேலைக்குத் திரும்பும் வன்னித் தாய்மாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பம்பில் பால் வரவில்லை என்று வருந்தும் தாய்மாரைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்களுள் உண்மையாகவே பால் குறைந்தவர்கள் சிலரே. மற்றவர்கள் மார்பில் வைக்கும் புனலின் அளவிலோ, பம்பின் இழுவிசையைக் கூட்டிய விதத்திலோ, தொடங்கிய ஒழுங்கிலோ தவறியிருந்தார்கள். வவுனியாவிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு நாள்தோறும் பேருந்தில் சென்றுவந்த காலத்தில் என் இரு பிள்ளைகளுக்கும் இவ்வாறு பால் எடுத்து வைத்தேன். பின்னர் சக ஆசிரியைகளும் உறவுப் பெண்களும் முதன்முதலாகப் பம்பைக் கையில் எடுத்தபோது அருகிலிருந்து உதவினேன். அவர்கள் தடுமாறிய இடங்களையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். பம்பின் விசையால் மட்டும் பால் வருவதில்லை. மார்பினுள் பால் சுரக்கும் சிற்றறைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளை ஒட்சிடோசின் என்னும் ஓமோன் சுருங்கச் செய்யும்போதே பால் காம்பை நோக்கி இறங்குகிறது. இறங்கிய பாலைத்தான் பம்ப் வெளியே கொண்டுவருகிறது. பால் இறங்குமுன் விசையைக் கூட்டினால் காம்பு புண்ணாகுமே தவிரப் பால் கூடாது. கீழே வரும் படிகளின் ஒழுங்கு இந்தக் காரணத்தை ஒட்டியே அமைந்துள்ளது.

1. எப்போது தொடங்குவது

பிள்ளை நிறைமாதத்தில் பிறந்து மார்பை நன்றாகப் பற்றிக் குடிக்கிறதாயின், முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை பம்ப் பெரும்பாலும் தேவைப்படாது. பிள்ளை குடிக்கும் அளவுக்கேற்பச் சுரப்பு ஒழுங்குபடும் காலம் அது. அந்த நாட்களில் மேலதிகமாக எடுத்துக்கொண்டே இருந்தால், இரட்டைப் பிள்ளைகளுக்குச் சுரப்பதுபோல உடல் சுரக்கத் தொடங்கி, மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும்.

வேலைக்குத் திரும்பும் நாளுக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன் தொடங்கினால் போதும். பலர் விடுமுறை முடிவதற்கு முந்திய இரவில்தான் பெட்டியைத் திறக்கிறார்கள். பதற்றமும் புதிய கருவியும் ஒன்றாகச் சேரும் அந்த இரவில் பத்து மி.லீ. கூட வராமல் போவது வியப்பன்று.

பிள்ளை குறைமாதத்தில் பிறந்து விசேட பராமரிப்புப் பிரிவில் இருந்தால் நிலைமை வேறு. அப்போது பிறந்த முதல் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே தொடங்கி, ஒரு நாளில் எட்டு முறைக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். முதல் நாட்களில் வரும் சீம்பால் தடிப்பானது, அளவிலும் துளிகளே. அது பம்பின் பாகங்களில் ஒட்டிக்கொண்டு வீணாகும். ஆகவே அந்த நாட்களில் கையால் பீய்ச்சிச் சிறு கோப்பையில் ஏந்துவதே மேல். விடுதியிலுள்ள தாதியரிடம் கேட்டால் செய்து காட்டுவார்கள்.

2. பம்ப் கைக்கு வந்தவுடன்

நம் பக்கத்தில் பம்புகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகின்றன: கனடாவிலோ இலண்டனிலோ உள்ள உறவினர் அனுப்புவது, அல்லது மூத்தவர் ஒருவர் பயன்படுத்தியதைத் தருவது. இரண்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு.

கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நமது மின்சாரம் 230 வோல்ட். மின்னேற்றியின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அச்சமின்றிப் பயன்படுத்தலாம். 120 மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் செருகிய மறுகணமே அது எரிந்துபோகக்கூடும்.

வீட்டுப் பாவனைக்கான பல பம்புகளில் பால் அல்லது அதன் ஈரம் குழாய் வழியாக இயந்திரத்தினுள் செல்லத் தடையில்லை. உள்ளே சென்றதைக் கழுவவும் முடியாது, பூஞ்சணம் பிடித்தாலும் வெளியில் தெரியாது. புனலையும் குழாயையும் புதிதாக வாங்கினாலும் இயந்திரம் பழையதாகவே இருக்கும். எனவே இத்தகைய பம்பை ஒருவர் பாவித்தபின் மற்றொருவர் பாவிக்கக் கூடாது. அன்போடு தரும் பொருளை மறுப்பது கடினம் என்பதை அறிவேன்; ஆயினும் மறுக்கத்தான் வேண்டும்.

ஒரு நாளில் ஓரிரு முறை மட்டும் எடுப்பவருக்குக் கைப்பம்ப் போதும். மின்வெட்டிலும் அது கைவிடாது. பத்து மணித்தியாலம் வெளியே இருப்பவருக்கு இரு மார்பிலும் ஒரே வேளையில் எடுக்கும் மின்பம்ப் நேரத்தைப் பாதியாக்கும்.

எந்த வகையாயினும் பாகங்களைப் பொருத்தி, உள்ளங்கையால் புனலின் வாயை மூடி இயக்கிப் பாருங்கள். கையை நன்றாக இழுத்துப் பிடிக்கவில்லையானால் எங்கோ காற்றுக் கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் மார்பில் வைப்பதில் பயனில்லை.

3. புனலின் அளவு

நான் கண்ட தவறுகளில் மிகுதியானது இதுவே. பெட்டியோடு வரும் புனல்கள் பெரும்பாலும் 24 அல்லது 28 மி.மீ. அளவானவை. எல்லோருக்கும் அதுவே பொருந்தும் என்று எண்ணிவிடுகிறார்கள். இந்த அளவு மார்பின் பருமனைக் குறிப்பதன்று. காம்பு சென்றுவரும் குழலின் விட்டத்தைக் குறிப்பது. பெரிய மார்புடையவருக்குச் சிறிய புனலும், சிறிய மார்புடையவருக்குப் பெரிய புனலும் தேவைப்படலாம்.

அளப்பதற்குப் பிள்ளைகளின் மில்லிமீற்றர் அடிமட்டம் போதும். பால் எடுப்பதற்கு முன், காம்பின் அடிப்பகுதி எத்தனை மில்லிமீற்றர் அகலம் என்று பாருங்கள். சுற்றியுள்ள கருவட்டத்தைச் சேர்க்கக் கூடாது. எடுத்தபின் காம்பு வீங்கியிருக்குமாதலால் அப்போது அளந்தால் பிழைக்கும். இரு பக்கமும் தனித்தனியே அளக்க வேண்டும், வேறுபடுவது இயல்பே. கிடைத்த அளவுக்குச் சமமான, அல்லது அதைவிட இரண்டு மூன்று மி.மீ. கூடிய புனல் பொருந்தும்.

புனல் பெரிதானால் கருவட்டமும் சேர்ந்து குழலுக்குள் இழுபட்டு வீங்கும். வீக்கம் பால் வரும் நாளங்களை நெருக்கும். நெருக்கவே பால் குறையும். குறைந்ததென்று தாய் விசையைக் கூட்டுவார். வீக்கம் மேலும் கூடும். புனல் சிறிதானால் காம்பு குழலின் சுவரில் உரசி, அடியில் வெள்ளை வளையமோ வெடிப்போ தோன்றும். சரியான அளவில் காம்பு மட்டும் தடையின்றி முன்னும் பின்னும் அசையும், வலி இராது.

என்னுடன் படிப்பித்த ஒருவர் 28 மி.மீ. புனலோடு மூன்று வாரம் போராடினார். ஒருமுறைக்கு 20 மி.லீ. அளவே கிடைத்தது. அளந்து பார்த்தபோது காம்பு 16 மி.மீ. மட்டுமே. பெரிய புனலுக்குள் செருகும் சிலிக்கன் உள்வளையம் ஒன்றை வரவழைத்துப் பொருத்திய கிழமையிலேயே 60 மி.லீ. தாண்டியது. அந்த மூன்று வாரமும் அவரைச் சுற்றியிருந்தோர் அனைவரும் அவருடைய சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினார்கள்.

4. கழுவுதலும் நம் கிணற்று நீரும்

பாலைத் தொட்ட ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு முறையும் கழற்றி, முதலில் குளிர்நீரில் அலசி, பின்னர் சவர்க்காரம் கலந்த சுடுநீரில் இதற்கென்று வைத்த தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் நேரடியாகப் போடாமல் தனியான பேசின் ஒன்றை வைத்திருங்கள். தொட்டியின் அடியிலுள்ள கிருமிகள் பாகங்களில் ஏறும். துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆகும்வரை நாளுக்கு ஒருமுறையேனும் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். குறைமாதப் பிள்ளையாயின் அதன் பின்னும் தொடருங்கள். காற்றுக் குழாயை நனைக்கக் கூடாது. நனைந்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே நம் கிணற்று நீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்பது தெரியும். அதே படிவு, பாலைப் போத்தலுக்குள் இறங்கவிடும் வால்வின் மெல்லிய சவ்விலும் ஏறி, அது முழுதாக மூடாமற் செய்துவிடும். சவ்வு மூடாவிட்டால் இயந்திரம் ஓடும் ஒலி கேட்கும், இழுவிசை இராது. சுண்ணாம்பு நீக்கி வடிகட்டிய குடிநீரில் பாகங்களைக் கொதிக்க வைத்தால் இதைத் தவிர்க்கலாம். வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெட்டு விரிந்திருந்தாலோ சவ்வு சுருங்கியிருந்தாலோ மாற்றுங்கள். நாளாந்தம் பாவிப்பவர் மாற்று வால்வு ஒரு சோடியை வீட்டில் வைத்திருப்பது நன்று, ஏனெனில் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கேட்ட அன்றே அது கிடைக்குமென்று நம்பியிருக்க முடியாது.

5. பாலை இறங்கச் செய்தல்

இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்களே அதிகம். இதற்குச் செலவாகும் ஐந்து நிமிடம், பின்னால் பதினைந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

முதலில் கையைக் கழுவி, ஒரு கோப்பை தண்ணீர் குடித்து, முதுகைச் சாய்த்து அமருங்கள். தோள்களை உயர்த்திக்கொண்டு பம்பின் மேல் குனிந்திருந்தால் உடல் தளராது. இளஞ்சூடான ஈரத் துணியை இரண்டு மூன்று நிமிடம் மார்பில் வையுங்கள். பின்பு விரல் நுனிகளால், வெளிப்புறத்திலிருந்து காம்பை நோக்கி, தோலைத் தடவும் அளவுக்கு மென்மையாக நீவுங்கள். ஆழமாக அழுத்திப் பிசைந்தால் உள்ளே வீக்கமே உண்டாகும். காம்பைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மெதுவாக உருட்டுவதும் உதவும்.

வீட்டில் அம்மாவோ, மாமியோ, கணவரோ இருந்தால் முதுகு நீவுதல் மிகச் சிறந்தது. தாய் மேசைமேல் கைகளை மடித்துத் தலையைச் சாய்த்துக்கொள்ள, மற்றவர் முட்டி மடக்கிய கைகளின் பெருவிரல்களால் முதுகந்தண்டின் இரு பக்கமும் கழுத்திலிருந்து தோட்பட்டை வரை சிறு வட்டங்களாக இரண்டு மூன்று நிமிடம் அழுத்திவர வேண்டும். செய்துகொண்டிருக்கும்போதே பால் சொட்டத் தொடங்குவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

பாடசாலையிலோ அலுவலகத்திலோ இவையெல்லாம் இயலா. அங்கே பிள்ளையின் காணொளி ஒன்றும், பிள்ளை போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றும் போதும். அழுகுரலும் மணமும் ஒட்சிடோசினைத் தூண்டுபவை. சீலை உடுத்துவோர் முன்பக்கம் கொக்கி வைத்த சட்டைகளைத் தைப்பித்துக்கொண்டால், தலைப்பால் மூடிக்கொண்டு தடுமாற்றமின்றி இருக்கலாம். யாரும் உள்ளே வந்துவிடுவார்களோ என்ற அச்சமே பாலை நிறுத்தப் போதுமானது. ஒவ்வொரு நாளும் அதே இடம், அதே ஒழுங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமையில் உடல் பழகி, பம்பின் ஒலி கேட்டதுமே பால் இறங்கும்.

போத்தலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். துளிகளை எண்ணுவது பதற்றத்தைக் கூட்டும், பதற்றம் பால் இறங்குவதைத் தடுக்கும். பிள்ளையின் காலுறை ஒன்றைப் போத்தலுக்கு மாட்டிவிடுங்கள்.

6. பம்பை இயக்குதல்

காம்பைப் புனலின் நடுவில் வைத்து, காற்றுப் புகாத அளவுக்கு மட்டும் பிடியுங்கள். அழுத்திப் பிடித்தால் விளிம்பு பதியும் இடத்தில் நாளங்கள் நெரிபடும்.

முதலில் வேகம் கூடியதும் விசை குறைந்ததுமான நிலையில் தொடங்குங்கள். பிள்ளை மார்பில் வாய் வைத்தவுடன் விரைவாகச் சிறு சிறு இழுப்புகளாகச் சப்புவதைக் கவனித்திருப்பீர்கள். அது பாலை அழைப்பது. பால் தாரையாக வரத் தொடங்கியதும், வழக்கமாக ஓரிரு நிமிடத்தில், வேகத்தைக் குறைத்து விசையைச் சற்றுக் கூட்டுங்கள்; அப்போது பிள்ளை விழுங்குவதுபோல் நீண்ட இழுப்புகள் அமையும். விசையை ஒவ்வொரு படியாகக் கூட்டி, சற்றே அசௌகரியம் தோன்றும் படியிலிருந்து ஒரு படி இறக்கி நிறுத்துங்கள். அதுவே உங்களுக்கான உச்சம். வலி ஒட்சிடோசினைத் தடுப்பதால், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவது பாலைக் குறைக்கும்.

பால் நின்று சொட்டுகளாக மாறியதும் பலர் முடிந்தது என்று எடுத்துவிடுகிறார்கள். ஒரே அமர்வில் பால் இரண்டு மூன்று முறை இறங்கும். மீண்டும் முதல் நிலைக்கு மாற்றி, ஓரிரு நிமிடம் விரைவான இழுப்பைக் கொடுத்தால் அடுத்த தாரை வரும். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் போதும். ஒரு மணித்தியாலம் தொடர்ந்து வைத்திருந்தால் வீக்கமே மிஞ்சும்.

மின்னேற்றம் குறைந்த பம்பில் விசையும் குறையும் என்பதை மறந்துவிடாதீர்கள். யூஎஸ்பி வழியாக மின்னேறும் பம்பாயின், கைத்தொலைபேசிக்கு வாங்கும் பவர் பேங்க் ஒன்று மின்வெட்டு நாளில் கைகொடுக்கும்.

7. கையால் முடித்தல்

பம்ப் ஓடும்போதே மற்றக் கையால் மார்பைத் தொட்டுப் பார்த்து, தடிப்பாக உள்ள இடங்களை மெதுவாக அழுத்துங்கள். நின்ற தாரை மீண்டும் தொடங்குவதைக் காண்பீர்கள். பம்பை எடுத்தபின் இரண்டு மூன்று நிமிடம் கையால் பீய்ச்சுங்கள். பெருவிரலைக் காம்பின் மேற்புறமும் மற்ற விரல்களைக் கீழ்ப்புறமும் காம்பிலிருந்து மூன்று நான்கு செ.மீ. தள்ளி வைத்து, முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னே அழுத்தி, பின் விரல்களை ஒன்றோடொன்று நெருக்கி, விடுங்கள். விரல்கள் தோலில் வழுக்கக் கூடாது. காம்பைப் பிடித்து இழுப்பதால் பால் வராது. விரல்களைச் சுற்றி வைத்து எல்லாப் பக்கமும் இவ்வாறு செய்யுங்கள்.

கடைசியில் வரும் பாலில் கொழுப்பு அதிகம். அத்துடன், மார்பில் தங்கும் பால் சுரப்பைக் குறைக்கும்படி உடலுக்கு அறிவிக்கும். எடுத்துவிட்டால் அடுத்த முறைக்கு அதே அளவு சுரக்கும். இந்த மூன்று நிமிடத்தின் பயன் நாளைய போத்தலில் தெரியும்.

8. எத்தனை முறை, எந்த வேளையில்

வீட்டிலிருக்கும் நாட்களில் காலையில் பிள்ளை குடித்து அரை மணித்தியாலம் கழித்து ஒருமுறை எடுங்கள். பெரும்பாலானோருக்குக் காலையிலேயே பால் மிகுதி. பிள்ளை குடித்தபின் எடுப்பதில் 15 முதல் 60 மி.லீ. கிடைத்தாலே அது நல்ல அளவு. மற்றவர் காட்டும் நிறைந்த போத்தலோடு ஒப்பிட வேண்டாம்.

வேலைநாளில் பிள்ளை குடிக்கும் இடைவெளியையே பின்பற்றுங்கள். ஏறத்தாழ மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நான் அதிகாலை ஐந்து மணிக்குப் பாலூட்டிவிட்டுப் புறப்படுவேன். பாடசாலை தொடங்குமுன் ஒருமுறையும், இடைவேளையில் ஒருமுறையும், பாடசாலை விட்டதும் பேருந்துக்கு முன் ஒருமுறையும் எடுப்பேன். வீடு வந்ததும் பிள்ளை நேரடியாகக் குடிக்கும். ஒரு முறையைத் தவறவிட்டால் அன்று தெரியாது; தொடர்ந்து ஒரு கிழமை தவறினால் சுரப்பே குறையும்.

ஆடைத் தொழிற்சாலை போன்ற தனியார் தொழிலிடங்களில் உள்ளோர், மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, ஒன்பது மணித்தியால வேலைக்குள் பாலூட்டுவதற்கு இரண்டு இடைவேளைகள் உரியவை. பிள்ளையை வைத்துப் பாலூட்ட ஏற்ற இடம் அங்கே இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லையேல் ஒரு மணித்தியாலம். திரும்பும் நாளுக்கு முன்பே மேற்பார்வையாளரிடம் நேரத்தைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரவுப் பாலூட்டலை நிறுத்தாதீர்கள். பால் சுரக்கச் செய்யும் புரோலக்டின் இரவில் கூடுதலாக இருக்கும்.

பாற்சுறா வறையும் முருங்கையிலையும் பிள்ளைபெற்றவளுக்கு நல்ல உணவு, விருப்பத்தோடு உண்ணுங்கள். ஆயினும் பாலை அடிக்கடி வெளியேற்றாமல் அவற்றை மட்டும் உண்பதால் சுரப்பு கூடாது. பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பது இந்த வெக்கையில் தீங்கானது.

9. இந்த வெயிலில் பாலைப் பாதுகாத்தல்

எடுத்த பால் 25 பாகை வெப்பம் வரையுள்ள அறையில் நான்கு மணித்தியாலம் இருக்கலாம் என்பது பொதுவான வரையறை. வன்னியில் ஆண்டின் பெரும்பகுதி பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவதால், அந்த நான்கு மணித்தியாலத்தை நம்பியிருக்கக் கூடாது. எடுத்த உடனேயே குளிரில் வைப்பதே பாதுகாப்பு.

மூடி இறுகிய போத்தல்களைச் சிறிய ரெஜிபோம் பெட்டியில், உறைந்த ஐஸ் பொதிகள் எல்லாப் பக்கமும் தொடும்படி அடுக்குங்கள். பொதிகள் உறைந்த நிலையில் இருக்கும்வரை, 24 மணித்தியாலம் வரையிலும், பால் கெடாது. பேருந்தில் பெட்டியை இயந்திரத்தின் அருகிலோ வெயில் விழும் பக்கத்திலோ வைக்க வேண்டாம், மடியிலேயே வைத்திருங்கள்.

வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைக்காமல் உட்புறத்தில் வைத்தால் நான்கு நாள் இருக்கும். உறைபெட்டியில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். 60 முதல் 90 மி.லீ. அளவாகப் பிரித்து, திகதி எழுதி, மேலே சிறிது இடம் விட்டு உறையவையுங்கள். இளஞ்சூடான புதிய பாலைக் குளிர்ந்த பாலோடு சேர்க்குமுன் அதையும் குளிரவைக்க வேண்டும். நீண்ட மின்வெட்டில் உறைபெட்டியைத் திறக்காதீர்கள். பின்னர் பார்க்கும்போது பாலில் பனிக்கட்டித் துண்டுகள் எஞ்சியிருந்தால் திரும்ப உறையவைக்கலாம். முழுதும் உருகியும் குளிர்ச்சி மாறாதிருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

10. பிள்ளைக்குக் கொடுத்தல்

பழையதை முதலில் எடுங்கள். இளஞ்சூட்டு நீருள்ள பாத்திரத்தில் போத்தலை நிறுத்திச் சூடாக்குங்கள். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வேண்டாம். மேலே ஆடையாகப் பிரிந்து நிற்பது கொழுப்பு, கெட்டதன் அடையாளமன்று. மெதுவாகச் சுழற்றிக் கலந்தால் போதும். குடும்பநல உத்தியோகத்தர் கற்றுத்தருவதுபோல் சிறு கோப்பையால் கொடுப்பதே நல்லது; முலைப்போத்தலுக்குப் பழகும் பிள்ளை பின்னர் மார்பை மறுக்கக்கூடும். வாய் வைத்து மிஞ்சியதை இரண்டு மணித்தியாலத்துக்குமேல் வைக்கக் கூடாது.

ஒரு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடைப்பட்ட பிள்ளை, தாய் இல்லாத ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் 30 முதல் 45 மி.லீ. வரை குடிக்கும். பத்து மணித்தியாலம் வெளியே இருப்பவர் 300 முதல் 450 மி.லீ. வைத்துச் சென்றால் போதும். பாட்டிமார் அன்பினால் அழும்போதெல்லாம் கொடுத்துவிட்டுப் பால் போதவில்லை என்று சொல்வதுண்டு. அளவை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுச் செல்லுங்கள்.

11. பால் திடீரெனக் குறைந்தால்

வழமையாக வந்த அளவு குறைந்தால், முதலில் வால்வையும் சவ்வையும் பாருங்கள், பின்னர் மின்னேற்றம், பின்னர் புனலின் அளவு, ஏனெனில் காம்பின் அளவு மாதங்களில் மாறக்கூடியது, அதன்பின் எத்தனை முறை தவறவிட்டீர்கள் என்பது. மாதவிலக்குத் திரும்பும் நாட்களில் சிலருக்குக் குறைந்து பின் கூடும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் கூடவில்லையானால், நாளுக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலத்தை இவ்வாறு பிரித்து எடுத்துப் பாருங்கள்: 20 நிமிடம் எடுத்து 10 நிமிடம் ஓய்வு, 10 எடுத்து 10 ஓய்வு, மீண்டும் 10 எடுத்து முடித்தல். பிள்ளை வளர்ச்சிக் காலத்தில் விட்டுவிட்டு அடிக்கடி குடிப்பதை இது ஒத்தது. பலன் தெரியச் சில நாட்கள் செல்லும்.

மார்பு கட்டிக் கல்லாகி, புனல் பற்றாதபோது விசையைக் கூட்டாதீர்கள். காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்தினால் அவ்விடம் இளகும். பின் சிறிதளவு எடுத்து, குளிர்ந்த துணியை வையுங்கள். மார்பின் ஓரிடம் சிவந்து சூடாகி, காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் ஒத்தடத்தோடு காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிள்ளை தொடர்ந்து குடிக்கலாம். மருந்து எழுதும்போது பாலூட்டுவதை வைத்தியரிடம் சொல்லுங்கள், பம்பையும் புனலையும் கூடவே எடுத்துச் சென்று காட்டுங்கள்.